ஏழாம் அத்தியாயத்து முப்பத்தோரு வரி

குளிர்பதன மெக்கானிக்கின் வீட்டில் அந்த வாரம் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. பேசாத இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் மெக்கானிக். ஒருத்தி கட்டிய மனைவி, இன்னொருத்தி கூடப்பிறந்த தங்கை. ஓடுகிற கம்ப்ரசரில் காதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர், இவர்கள் விஷயத்தில் எந்த ஸ்குருவைத் திருகுவது என்று தெரியாமல் முழித்தார்.

கீழே அவருடைய பட்டறை, மேலே குடித்தனம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் டயர்க் கடை, அதற்கு மேல்மாடியில் தங்கையின் தொழிற்கூடம். ஆறு பெண்கள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து மின்பலகைகளில் ஈயம் பற்றவைப்பார்கள். ஈயப்புகை நேராக வந்து மெக்கானிக் வீட்டுக் கொடித்துணியில் உட்காரும். அவர்கள் செய்வது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர் அறையில் மாட்டினால் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும், அளவு தாண்டினால் கூவும். சுகாதாரத் துறைக்கு இருநூறு பெட்டி. அதற்காகத் தங்கை இரண்டு வருஷம் நாயாய் அலைந்திருந்தாள். சோதனைச்சாலை முத்திரை வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கூரை முட்ட அடுக்கியும் ஆகிவிட்டது. அனுப்ப வேண்டிய நாளுக்கு இன்னும் பத்து நாள்தான்.

அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற கம்ப்யூட்டர் நிரல் தங்கையின் சொந்தச் சரக்கு இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. அதற்கு ஒரு கையேடு உண்டு. நிரலை எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, மாதிரிக்கு நாலு வரி எப்படி எழுதுவது என்று பன்னிரண்டு அத்தியாயம். அந்தக் கையேட்டைப் பதினோரு வருஷமாகக் கட்டிக் காப்பவள் மெக்கானிக்கின் மனைவி. தெருவில் அவளுக்குக் கையேட்டுக்காரி என்றே பெயர்.

முன்னே ஒரு தொழிற்சாலையில் மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இவற்றுக்கெல்லாம் செய்முறைத் தாள் எழுதிக்கொண்டிருந்தவள். எழுதுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் எழுதினால் மெக்கானிக்கை நாற்காலியில் உட்கார வைத்து, அதில் இருப்பதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்வாள். அவர் எங்கேயாவது நின்று தலையைச் சொறிந்தால், "நீங்க நின்னா வரி தப்பு" என்று உடனே அடித்துவிடுவாள். ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் பொறுக்காது. கையேட்டு வேலையில் சேர்ந்திருக்கும் மற்றவர்கள் அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வம்பு வந்தது ஒரு கடிதத்தில். பெட்டிகளை வாங்கும் அலுவலகம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரிமம் என்ன என்று சலித்துப் பார்த்திருக்கிறது. நிரலில் சிக்கல் இல்லை. ஆனால் முப்பத்தோரு வரி மட்டும் கையேட்டின் ஏழாம் அத்தியாயத்திலிருந்து அப்படியே எடுத்தது. கையேட்டின் முதல் பக்கத்தில் கையேட்டுக்காரி பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். யாரும் எடுக்கலாம், ஆனால் எடுத்து எதைச் செய்தாலும் அதையும் இதே நிபந்தனையோடு ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்று. கடிதம் வந்த அன்று மத்தியானமே தங்கை தெருவைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்க. இந்த முப்பத்தோரு வரிக்காக என் பெட்டிக்குள்ள இருக்கிற மொத்தத்தையும் திறந்து காட்டணுமாம். அவங்களோட பாஸ்வேர்டு, ரகசியச் சாவியெல்லாம் அதுல இருக்கு, முடியவே முடியாதுங்கறாங்க."

கையேட்டுக்காரி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"தப்பு என்னோடதுதாம்மா. பாடத்துக்கு ஒரு உரிமம், உதாரணத்துக்கு ஒரு உரிமம்னு அன்னைக்கே பிரிச்சிருக்கணும். பாடம் படிக்கிறதுக்கு, உதாரணம் எடுத்துக்கிறதுக்கு. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டேன்."

"சரி, இப்ப பிரிச்சிடுங்க. உங்க புத்தகம்தானே? முதல் பக்கத்துல ஒரு வரி மாத்துனா போச்சு."

"என் புத்தகம்தான். ஆனா இந்த முப்பத்தோரு வரியையும் சேத்து, உதாரணங்கள்ல பதினாலு பேரு கை பட்டிருக்கு. அவங்க அந்த நிபந்தனையை நம்பிக் குடுத்தது. ஒவ்வொருத்தரும் சரின்னு சொல்லணும்."

"அண்ணி, பத்து நாள்தான் இருக்கு!"

"வரியை நீயே வேற மாதிரி எழுதிட முடியாதா?"

"எழுதலாம். ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை செல்லாது. திரும்பச் சோதனைக்கு மூணு மாசம். அதுக்குள்ள ஆர்டர் போயிடும். ஆறு பேரு வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

"எழுதிக் கேக்கறேன்."

"கேட்டுக்கிட்டே இருங்க," என்று தங்கை படியிறங்கிப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

கையேட்டுக்காரி பதினாலு பேருக்கும் தனித்தனியாக எழுதினாள். அவரவர் எழுதிய வரிகளை எடுத்துக் காட்டி, இனி உதாரணங்களை மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் யாரும் எடுத்துக்கொள்ள விடலாமா என்று கேட்டாள். பதில்கள் வந்தன. ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து "சரி" என்று ஒற்றைச் சொல் அனுப்பினார். ஒருத்தர் தான் எழுதியதே மறந்துபோய், இவ்வளவு நன்றாக எழுதியது நானா என்று கேட்டார். ஒருவர் மட்டும் கொள்கை பேசி மூன்று பக்கம் சண்டை போட்டு, கடைசி வரியில் சம்மதித்தார். ஆறாம் நாள் பதினாலாவது சம்மதமும் வந்தது. மெக்கானிக் துள்ளிக்கொண்டு எதிர்மாடிக்கு ஓடிச் சொன்னார். தங்கை பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். கையேட்டுக்காரி அதைத் தொடவில்லை. தலைவலி என்று உள்ளே போய்விட்டாள். பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு தங்கை இறங்கிப் போனாள். இப்போது இருவரும் பேசாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லாமல் போனது.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் பட்டறையில் ஒரு கண்டன்ஸரின் தூசியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையேட்டுக்காரி இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்து கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த முப்பத்தோரு வரியை முதல்ல எழுதினது நான்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன். என் பேருதான் போட்டிருக்கு. யாரையும் விட்டுடலையேன்னு நேத்து பழைய கடுதாசியெல்லாம் பாத்தேன். நான் எழுதலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பனிக்கரடின்னு பட்டப்பேர்ல ஒருத்தர் அனுப்பினது. நான் வெட்டிச் சீராக்கி உள்ள போட்டேன். அவர் பேரைப் போட மறந்துட்டேன்."

"பனிக்கரடியா?"

"அப்படித்தான் இருக்கு. பூக் கிடங்குல வேலைன்னு எழுதியிருக்கார். அந்த விலாசத்துக்கு இப்ப போட்டா திரும்பி வருது."

மெக்கானிக் பிரஷைக் கீழே வைத்தார். வெளியே பார்த்தார். தங்கையின் ஜன்னலில் ஆறு தலைகள் குனிந்திருந்தன. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது யாருக்குத் தெரியப்போகுது?"

"நீங்க வாயை மூடிட்டு இருந்தா யாருக்கும் தெரியாது. அதனாலதான் உங்ககிட்ட வந்து சொல்றேன்."

மெக்கானிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் வாயில் ரகசியம் நிற்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் சிரிப்புத்தான் வந்தது. தன்னால் மறைக்க முடியாதபடி தன்னைத்தானே மாட்டிவிட்டுக்கொள்ள ஒருத்தி இவ்வளவு யோசித்து டீயோடு வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று மனசு நிறைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

பூக் கிடங்கு என்றால் குளிர் அறை இருக்கும். குளிர் அறை இருந்தால் கேஸ் நிரப்ப ஆள் வரும். கேஸ் நிரப்புகிறவர்களை மெக்கானிக்குத் தெரியாமல் இருக்காது. ஒருவரிடம் கேட்டு இன்னொருவரைப் பிடித்து, நடுவில் இரண்டு பேருடைய வீட்டுக் குறைகளையும் கேட்டுக்கொண்டு, ஐந்தாவது ஆளிடம் துப்பு கிடைத்தது. "எந்நேரமும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, கம்ப்யூட்டர் வச்சு அலாரம் பண்ணின ஆளுதானே? அங்கேயேதான் இருக்கு. மூணு மணி நேரம் போகணும்." மெக்கானிக் தெருவைத் தாண்டித் தங்கையிடமும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அவள் சோல்டரிங் கம்பியை வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

மெக்கானிக்கின் வேனில் முன்னால் ஒரே நீள இருக்கை. ஸ்டியரிங்கில் அவர், நடுவில் கேஸ் சிலிண்டர் மாதிரி விறைப்பாகத் தங்கை, ஓரத்தில் கையேட்டுக்காரி. மழையில் வைப்பர் ஒன்றுதான் பேசிக்கொண்டு வந்தது. பாதி வழியில் கையேட்டுக்காரி வேகவைத்த முட்டையும் ரொட்டியும் எடுத்தாள். முட்டையை உரித்து உப்புத் தொட்டு நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஆளு முடியாதுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா, முடியாதுதாம்மா."

"என் நெலமை?"

"உன் எதிர்ல நிக்கவே எனக்கு மூஞ்சி இருக்காது. ஆனா அவர் குடுக்காததை நான் குடுத்துட்டேன்னு எழுதித் தர மாட்டேன்."

தங்கை முட்டையைத் தின்று முடித்தாள். பிறகு, "இன்னொண்ணு உரிங்க" என்றாள்.

கிடங்கு ஒரு பெரிய தகரக் கொட்டகை. லாரிகள் பின்பக்கமாக வந்து நின்றிருந்தன. வாளி வாளியாக ரோஜா இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு கட்டுகளைக் கை மாற்றினார்கள். குளிர் அறையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. மெக்கானிக் பழக்க தோஷத்தில் முதலில் அந்தக் கதவின் ரப்பரைத்தான் தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு ஒல்லி அம்மாள் வந்தாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காதில் துணி.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு. யாரு நீங்க?"

"இங்க பனிக்கரடின்னு..."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பேரை யாரு உங்களுக்குச் சொன்னது? நான்தான். குளிர்லயே கெடக்கேன்னு என் வீட்டுக்காரர் வச்ச பேரு."

கையேட்டுக்காரி முன்னால் வந்து தன்னைச் சொல்லிக்கொண்டாள். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வரிகளை என் பெயரில் ஒன்பது வருஷம் வைத்திருந்தேன், தெரியாமல் செய்தாலும் தப்புத்தான், ஊரறியத் திருத்திவிடுகிறேன் என்றாள். பிறகு எல்லா உதாரணங்களுக்கும் நிபந்தனையை எடுக்கப் போவதையும், அதற்கு இவருடைய சம்மதம் வேண்டும் என்பதையும் சொன்னாள். அச்செடுத்த ஏழாம் அத்தியாயத்தை நீட்டினாள். 

பனிக்கரடி கையுறையைக் கழற்றிக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

"நிபந்தனையா? நான் அனுப்பினதே எடுத்துக்கட்டும்னுதானே. தாராளமா எடுத்துக்கங்க. எழுதியும் தர்றேன். பேனா இருக்கா?" மேஜையென்று இருந்த ஒரு பலகையில் குனிந்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். தங்கை அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மூச்சை விட்டது மழைச் சத்தத்திலும் கேட்டது.

"ஒரு நிமிஷம்," என்றாள் பனிக்கரடி. அச்சுத் தாளை இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "என் வரி ஒண்ணைக் காணோமே."

"முப்பத்தொண்ணும் இருக்குங்களே."

"அது கம்ப்யூட்டருக்கு எழுதினது. ஆளுக்கு எழுதினது ஒண்ணு மேல இருந்துச்சே. 'நாற்பது என்பது என் பூக்களுக்கு. உங்கள் அறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.' அப்படின்னு எழுதியிருந்தேன்."

கையேட்டுக்காரி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "இருந்துது. அதிகப்படின்னு நான்தான் வெட்டினேன்."

"என்னது நாப்பது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"காலையில லாரி வந்தா சரக்கு எறங்கற வரைக்கும் கதவைத் திறந்துதான் வைக்கணும். அலாரம் கத்திக் காதைக் கிழிக்கும். அதுக்காகக் கதவு திறந்தா நாப்பது நிமிஷம் கத்தாதேன்னு எழுதினேன். ரோஜா நாப்பது நிமிஷம் தாங்கும்."

மெக்கானிக்குக் காதை வைத்துக் கேட்டது போல் கோளாறு பிடிபட்டுவிட்டது. தடுப்பூசி அறைகளை அவர் தன் கையால் அமைத்திருக்கிறார். வெயில் நாளில் கதவு சரியாகச் சாத்தாமல் விட்டால் பன்னிரண்டே நிமிஷத்தில் அளவு தாண்டிவிடும். 

"பாதியில மறுபடி திறந்தா?"

"எண்ணிக்கை முதல்லேருந்து ஆரம்பிக்கும்."

"மருந்து அறைக் கதவை நர்ஸம்மா கால் மணிக்கு ஒருக்கா திறப்பாங்களேம்மா. நாள் பூரா கத்தவே கத்தாதே!" என்று தங்கை பக்கம் திரும்பினார். "உன் பெட்டியில எவ்வளவு வச்சிருக்க?"

தங்கை ரோஜா வாளிகளைப் பார்த்தாள். "நாப்பதுதான். அப்படியே எடுத்தேன்."

"சோதனையில தெரியலையா?"

"அங்க பெட்டியை ஒரு டப்பாக்குள்ள வச்சு சூடேத்துவாங்க. அந்த டப்பாக்குக் கதவே கிடையாதுண்ணே."

கையேட்டுக்காரி ரோஜா வாளிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் கத்தரிப் புத்தி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க பேரையும் வெட்டினேன், வார்த்தையையும் வெட்டினேன்."

"நான் மட்டும் என்ன ஒழுங்கு?" என்றாள் தங்கை. "உதாரணத்தைக் கையில எடுத்த நான் அது என்ன சொல்லுதுன்னு ஒரு வாட்டி படிச்சேனா? அண்ணன் எதிர்வீட்டுல இருக்காரு. இந்த அறை எவ்வளவு நேரம் தாங்கும்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

நானும்தான் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை வாய் திறக்கவில்லை.

தங்கை கையிலிருந்த சம்மதத் தாளைப் பார்த்தாள். அது போதும். அதை நாளைக்கே அலுவலகத்தில் கொடுத்தால் இருநூறு பெட்டியும் போய்விடும். முத்திரை இருக்கிறது, உரிமம் இருக்கிறது, கேட்பவர் யாரும் இல்லை. அங்கே நின்றிருந்த நாலு பேருக்கும் அது தெரியும். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பனிக்கரடி கூட வாளியை நகர்த்துவது போலத் திரும்பி நின்றுகொண்டாள்.

தங்கை தாளை நாலாக மடித்து அண்ணியின் கையில் வைத்தாள். கொட்டகையின் ஓரமாகப் போய், தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், பெட்டி இந்த மாசம் வராது. இல்ல சார், லைசென்ஸ் கிடைச்சிடுச்சு. அது பிரச்சனை இல்ல. பெட்டி தப்பு. ஆமா சார், என் பெட்டிதான் தப்பு. இல்ல சார், வேற யாரும் சொல்லலை, நான்தான் சொல்றேன். திருத்தித் திரும்பச் சோதனைக்கு அனுப்பறேன். நீங்க அதுவரைக்கும் வேற யார்கிட்டயாவது வாங்கினா வாங்கிக்கங்க. ஆனா அவங்களோடதுலயும் கதவு திறந்தா எவ்வளவு நேரம் பேசாம இருக்கும்னு கேட்டுட்டு வாங்குங்க."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர் அறையிலிருந்து வருகிற காற்று என்று யாரிடமோ சொன்னார். ஒருத்தி கேட்காமலே விட்டிருக்கக்கூடிய சம்மதத்தைக் கேட்க மூன்று மணி நேரம் வருகிறாள். இன்னொருத்தி கிடைத்த சம்மதத்தை மடித்து வைத்துவிட்டுத் தன் வாயாலேயே தன் சரக்கைத் தப்பு என்கிறாள். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டதற்கு அவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது கையேட்டுக்காரி கேட்டாள். "உங்க முழுப்பேரைச் சொல்லுங்க, போட்டுடறேன்."

"பேரு கெடக்குது. அந்த வரியைப் போடுங்க," என்றாள் பனிக்கரடி.

சுகாதாரத் துறை பாதிப் பெட்டிகளை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டது. மீதிப் பாதிக்கு மூன்று மாசம் பொறுப்பதாக எழுதியது. அதுவரை ஆறு பெண்களும் பாதி நாள் மெக்கானிக்கின் பட்டறையில் தெர்மோஸ்டாட் பழுது பார்த்தார்கள். அவர்கள் வந்தபின் பட்டறை துலங்கிவிட்டது. கையேட்டின் முதல் பக்கத்தில் இப்போது இரண்டு உரிமம் இருக்கிறது. பாடத்துக்குப் பழையது. உதாரணங்களுக்குப் புதியது: எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கவேண்டாம். கையேட்டுக்காரி ஏழாம் அத்தியாயத்தைப் புதுப்பித்து வெளியிட்ட அன்று, எதிர்மாடி ஜன்னலில் தங்கையின் தலை தெரிந்தது. தெருவே கேட்கக் கத்தினாள்.

"அண்ணி! உங்க உதாரணம் ஓடலை!"

"ஓடாது. படி!"

தங்கை உள்ளே போய்ப் படித்தாள். முப்பத்தோரு வரிகளில் நாற்பது இருந்த இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பாவிட்டால் நிரல் அசையாது. பாடத்தில் எழுதினால் எடுப்பவர்கள் விட்டுவிடுவார்கள் என்று, உதாரணத்துக்கு உள்ளேயே, வெட்டி எடுத்தாலும் கூடவே வரும்படி முதலில் ஒரு வரி இருந்தது. தங்கை அதை ஆறு பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"நாற்பது என்பது என் பூக்களுக்கு. உங்கள் அறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பனிக்கரடி."

"அண்ணே!" என்று ஜன்னலில் வந்து கூப்பிட்டாள். "எவ்வளவு போடட்டும்?"

மெக்கானிக் கண்டன்ஸரிலிருந்து நிமிர்ந்தார். தங்கை அவரை வேலை விஷயத்தில் ஒரு யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. அவசரப்படாமல் யோசித்தார். "அஞ்சு போடு. மறுபடி திறந்தா முதல்லேருந்து எண்ணாத மாதிரி பண்ணு."

இரண்டையும் செய்து முடித்து, பட்டறையில் நின்ற ஒரு பழைய குளிர்பெட்டியில் மாட்டிப் பார்க்க இறங்கி வந்தாள். ஆறு பெண்களும் பின்னால் வந்தார்கள். கையேட்டுக்காரி மாடியிலிருந்து வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். மெக்கானிக் கதவைத் திறந்து வைத்தார்.  நடுவில் அவர் கதவைச் சாத்தி, மறுபடி திறந்து பெட்டியை ஏமாற்றிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

சரியாக ஐந்தாவது நிமிஷம் பெட்டி வீலென்று கத்தியது. தங்கை அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பெட்டியை நிறுத்த யாருக்கும் மனசு வராமல் கொஞ்ச நேரம் கத்தவிட்டார்கள்.